சீனாவில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களும் வாசிப்புப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜியாங்சு மாகாணத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பில் சேர்ந்த வாரம், அவளுடைய அம்மா ஆங்கிலப் பாடப் புத்தகத்தோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து வாரம் இரண்டு மாலை எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். என்னை ‘ஆயீ’ என்று கூப்பிடுவார்கள். சீனத்தில் அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள், நம் ஊர் ஆயி மாதிரியே காதில் விழும். காசு வாங்குவதில்லை. இங்கே வேலைக்கு வந்து பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும், ஊரில் ஆங்கிலம் சொல்லித்தரும் தோழிகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது? அந்தத் தேர்வுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

தொடக்கப் பள்ளிக்கு அப்புறம் வரும் மூன்று வருடம். ‘ச்சூஜோங்’ என்பார்கள், ஏறக்குறைய 12 முதல் 15 வயது. ஒன்பதாம் வகுப்பு முடிவில், பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ‘ஜோங்காவ்’ என்ற தேர்வு வரும். மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்குமா, எந்தப் பள்ளியில் கிடைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மதிப்பெண் போதாத பிள்ளைகளில் பெரும் பகுதி தொழிற்பள்ளிக்குப் போகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கான ‘காவ்காவ்’ தேர்வைத்தான் வெளியுலகம் பேசுகிறது, ஆனால் இங்கே வீடுகளில் தூக்கம் கெடுவது அதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது.

சீனம், கணிதத்தோடு ஆங்கிலமும் முக்கியப் பாடம். மொத்த மதிப்பெண் இடத்துக்கு இடம் மாறும்: ஷாங்காயில் 150, பல இடங்களில் 120, பெய்ஜிங்கில் 100, அதிலும் 40 கேட்டலுக்கும் பேசுதலுக்கும். அதனால் மற்றவர்கள் சொல்வதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். உங்கள் நகரத்தின் போன வருடத் தாளை முதலில் கையில் வாங்குங்கள்.

எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

கல்வி அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட பாடத்திட்ட வரையறைப்படி ஒன்பதாம் வகுப்பு முடிவில் 1,600 சொற்கள். மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் இருப்பதால் இதில் 500 போலத் தொடக்கப் பள்ளியிலேயே முடிந்துவிடும். மீதி 1,100. வருடத்துக்கு 40 பள்ளி வாரம் என்று வைத்தாலும் மூன்று வருடத்தில் 120 வாரம், வாரத்துக்கு ஒன்பது அல்லது பத்துச் சொல்தான் ஆகிறது. இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு அம்மாவிடமும் பேப்பரில் போட்டுக் காட்டுவேன், முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அடுத்த கேள்வியும் உடனே வரும்: அப்படியானால் என் பிள்ளை ஏன் வாசிப்பில் இவ்வளவு மதிப்பெண் இழக்கிறான்?

பட்டியலில் உள்ள எல்லாச் சொல்லும் தெரியும், பத்தியைப் படித்தால் புரியவில்லை. ஏன்?

நான் சொல்ல விரும்புவதில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சீனத்தில் புதுச் சொல்லை ‘ஷெங்ட்ஸ்’ என்பார்கள். ‘ஷெங்’ என்றால் பச்சை, வேகாதது, பழுக்காதது, பழக்கமில்லாதது. எதிர்ச்சொல் ‘ஷூ’: வெந்தது, பழுத்தது, நன்றாகப் பழகினது. ஆக புதுச் சொல் பச்சையாக இருக்கிறது, அதை வேகவைக்க வேண்டும். ஆசிரியர்கள் வாயில் அடிக்கடி வரும் இன்னொரு தொடர் ‘ஷூ ட்ஸ் ஷெங் யீ’, அதாவது வெந்த சொல்லுக்குள் பச்சையாகக் கிடக்கும் பொருள். பிள்ளைகள் விழுவது அங்கேதான்.

போன வருடம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பத்தியைச் செய்துவிட்டு முகம் தொங்கி வந்தாள். அதில் ஒரு பையனுடைய ‘அங்கிள்’ ஒரு சின்ன உணவகம் நடத்துகிறார், ஆங்கிலத்தில் ‘ரன்ஸ் எ ஸ்மால் ரெஸ்டாரன்ட்’. ‘ரன்ஸ்’ மேல் பென்சிலால் ஓடுதல் என்பதற்கான சீன எழுத்தை எழுதியிருந்தாள். அவர் என்ன தொழில் செய்கிறார் என்ற கேள்விக்கு, விடைகளில் ஓட்டப் பயிற்சியாளர் என்று ஒன்று இருக்க, அதையே குறித்திருந்தாள். ‘ரன்’ அவளுக்குச் சின்ன வகுப்பிலேயே வந்துவிட்ட சொல். தெரிந்த சொல் என்பதாலேயே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அவளிடம் கேட்டேன்: உன் மொழியில் ‘காய்’ என்ற வினைச்சொல் என்னென்ன வேலை செய்கிறது? கதவைத் திறக்க ‘காய்’, விளக்கைப் போட ‘காய்’, கார் ஓட்ட ‘காய்’, கடை நடத்த ‘காய்’, கூட்டம் நடத்தவும் ‘காய்’. எண்ணிக்கொண்டே வந்தவள் கடை நடத்த என்ற இடத்தில் நின்றுவிட்டாள். நம்மிடம் ‘போடு’ இல்லையா, விளக்குப் போடு, சட்டை போடு, காபி போடு, சண்டை போடு. ஒரு சொல் பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்து வேறு ஆளாகிவிடும். பட்டியலில் அது தனியாக நிற்பதால் அந்தப் பக்கத்து ஆள் யாரென்றே தெரிவதில்லை.

அன்றிலிருந்து அவளுடைய நோட்டில் பின்பக்கம் இருந்து இந்த மாதிரிச் சொற்களுக்கு மட்டும் இடம். ‘புக்’ என்றால் புத்தகம், மேசை முன்பதிவு செய்வதும் ‘புக்’. ‘வாட்டர்’ செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும்தான். ‘பிரேக்’ உடைப்பது, இடைவேளையும் அதே. ஆங்கில ‘மீன்’ என்றால் பொருள்படுதல், ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் கஞ்சன் அல்லது மனசு சின்னவர். எதையும் தனியாக எழுத விடமாட்டேன், எந்தப் பத்தியில் வந்ததோ அந்த வாக்கியத்தோடுதான் எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வந்தபோது நாற்பது பக்கத்தைத் தாண்டியிருந்தது, தேர்வுக்கு முந்தின மாதம் அவள் அதிகம் புரட்டிய நோட்டு அதுதான்.

அப்படியானால் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாமா?

வேண்டும். ‘திங்ஷியே’ என்று தினமும் வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சி உண்டு, காலையில் வகுப்பு தொடங்குமுன் உரக்கப் படிக்கும் நேரமும் உண்டு. இரண்டும் நல்ல பழக்கம்தான், எழுத்துக்கூட்டல் அதில்தான் கைவரும். இன்றைய அப்பா அம்மாக்களும் அப்படிப் படித்தவர்கள். 1990-களின் பாடப் புத்தகத்தில் வந்த லி லெய், ஹான் மெய்மெய் என்ற இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் போதும், அவர்கள் பேசிய வாக்கியங்களை இப்போதும் அப்படியே ஒப்பிப்பார்கள். அந்த நினைவுக்கும் காரணம், சொற்கள் யாரோ ஒருவர் வாயில், ஒரு காட்சிக்குள் வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகரவரிசைப் பட்டியலை மட்டும் ஒதுக்கிவையுங்கள். பெரிய தேர்வுகளுக்கான சொல் புத்தகங்கள் ‘அபாண்டன்’ என்ற சொல்லோடு தொடங்குவது சீனா முழுக்கத் தெரிந்த விஷயம், ஏனென்றால் ஏராளமானவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. கைவிடுதல் என்பதுதான் அதன் பொருள். ஒரே எழுத்தில் தொடங்கும் இருபது சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். பாடம் வாரியாகவோ, சமையலறை, மருத்துவமனை, ரயில் நிலையம் என்று இடம் வாரியாகவோ தொகுங்கள்.

திரும்பப் பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் மறதியைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இங்கே வீட்டுக்கு வீடு தெரியும், அவர் பெயரிலேயே அட்டவணை போட்ட நோட்டுகள் கடையில் கிடைக்கும். அடிப்படை எளிது: படித்ததை அன்று இரவு ஒரு முறை, மறுநாள், நாலாம் நாள், ஒரு வாரம் கழித்து, அப்புறம் இரண்டு வாரம் கழித்து. இந்த இடைவெளிகளை அச்சுப் பிசகாமல் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் பார்த்துப் படிப்பது திரும்பப் பார்ப்பது ஆகாது, பொருளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்க வேண்டும்.

கைபேசிச் செயலிகள் பயன்படுமா?

பைட்ஸ்ஜான் போன்றவை படத்தோடு சொல்லைக் காட்டும், பேருந்தில் பத்து நிமிடம் போக நல்லது. படத்தைப் பார்த்து நாலில் ஒன்றைத் தொடுவது வேறு, அந்தச் சொல்லைப் பத்திக்குள் அடையாளம் காண்பது வேறு. செயலியில் நூறு நாள் தொடர்ந்து முடித்த பையன் வாக்கியத்துக்குள் அதே சொல்லைக் கடந்து போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அன்றைய சொற்களில் மூன்றை எடுத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், போதும்.

ஒரு பத்தியில் எத்தனை சொல் தெரியாமல் இருக்கலாம்?

ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, உதவியில்லாமல் புரிந்து படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 250 சொல் பத்தியில் அது ஐந்து தெரியாத சொல். பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிவிட்டால் பிள்ளை வாசிப்பதை விட்டுவிட்டுப் புதிர் அவிழ்க்கத் தொடங்கிவிடும்.

எனவே பயிற்சிப் பத்தி தேர்ந்தெடுக்கும்போது விரலை மடக்கி எண்ணுங்கள். ஒரு கை விரலுக்குள் முடிந்தால் அந்தப் பத்தி சரி. இரண்டு கையும் போதவில்லையென்றால் அது இன்னும் ஆறு மாதம் கழித்துப் படிக்க வேண்டியது. இங்கே ‘ஷுவாதி’ என்று ஒரு பழக்கம் உண்டு, கேள்வித்தாள்களை அடுக்கிவைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்துத் தள்ளுவது. கஷ்டமான தாளைத் தேய்ப்பதால்தான் கெட்டிக்காரத்தனம் வரும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பிள்ளைகள் வாரக்கணக்கில் எதுவும் புரியாமல் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சீனப் பிள்ளைகளுக்கென்று தனியான சிரமங்கள் என்ன? தமிழ் தெரிந்தவர் உதவ முடியுமா?

முடியும், இதில் நமக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. பல இடங்களில் சீனமும் தமிழும் ஒரு பக்கம் நிற்கின்றன, ஆங்கிலம் மறுபக்கம்.

முதலில் பெயரெச்சம். ‘பக்கத்து வீட்டில் வசிக்கும் தாத்தா’ என்று நாம் சொல்கிறோம், விவரம் முன்னால், ஆள் பின்னால். சீனத்திலும் அப்படியே: பக்கத்து வீட்டில் வசி, அதோடு ‘த’ என்ற ஒட்டு, அப்புறம் தாத்தா. ஆங்கிலத்தில் தாத்தா முதலில் வந்துவிடுவார், ‘ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர்’ பின்னால் தொங்கும். ‘தி ஓல்ட் மேன் ஹூ லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் கேவ் மீ எ புக்’ என்ற வாக்கியத்தில் கொடுத்தது யார் என்று கேட்டால், ‘கேவ்’ என்பதற்குச் சற்று முன்னால் இருக்கும் ‘நெக்ஸ்ட் டோர்’ஐக் கண்டு குழம்புகிற பிள்ளைகள் உண்டு. நான் செய்வது இது: ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ வந்தால் பென்சிலால் ஓர் அடைப்புக்குறி திற, அந்த விவரம் முடிகிற இடத்தில் மூடு, அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படி. அப்புறம் அடைப்பைத் தூக்கி ஆளுக்கு முன்னால் வைத்து உன் மொழியில் சொல். இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறது.

அடுத்து ‘நாட் … அன்டில்’. ‘ஹி டிடின்ட் கோ டு பெட் அன்டில் டென்’ என்று இருந்தால் ‘டிடின்ட்’ கண்ணில் பட்டதும் படுக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். நமக்கு ஒரே ஓர் ஒட்டு போதும்: பத்து மணிக்குத்தான் படுத்தான். அந்த ‘தான்’ சீனத்தில் ‘ட்ஸாய்’. ‘நாட்’டையும் ‘அன்டில்’லையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு மேலே ‘ட்ஸாய்’ என்று எழுதச் சொன்னால் சிக்கல் தீர்ந்தது.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில். ‘நீ சாப்பிடலையா?’ என்றால் நாம் ‘ஆமா, சாப்பிடலை’ என்போம். சீனர்களும் ஆமாம் போட்டுத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ‘நோ, ஐ டிடின்ட்’. உரையாடல் பத்திகளில் இது வரும், வினாத்தாள் போடுபவர்களுக்கும் இது பிடித்த இடம்.

உறவுச் சொற்களையும் சொல்ல வேண்டும். ‘அங்கிள்’ என்று படித்தவுடன் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று நமக்குத் தோன்றும் அதே கேள்வி அவர்களுக்கும் தோன்றும், அவர்களிடமும் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர். ‘பிரதர்’ என்றால் அண்ணனா தம்பியா? பத்தி சொல்லாவிட்டால் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மனதுக்குள் அண்ணன் என்று முடிவு செய்துகொண்டு, அதை வைத்து வயதைப் பற்றிய கேள்விக்கு விடை குறித்த பையனை எனக்குத் தெரியும்.

நமக்கு இருந்து அவர்களுக்கு இல்லாதது காலம் காட்டும் வினை. சீன வினைச்சொல் நேற்றுக்கும் நாளைக்கும் உருமாறாது. நாம் வந்தான், வருகிறான், வருவான் என்று பேசிப் பழகியவர்கள், அதனால் அவர்கள் திணறுவது நமக்குச் சட்டென்று விளங்காது. பொறுமையாக இருங்கள். பத்தியில் நேரத்தைக் காட்டும் சொற்களை முதலில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். அவன், அவள், அது மூன்றுமே ஒலியில் ‘தா’ என்பதால் ‘ஹி’யும் ‘ஷி’யும் பேச்சில் மாறிப்போகும். வாசிப்பில், ‘இட்’ எதைக் குறிக்கிறது என்ற கேள்வி வந்தால் அந்தச் சொல்லிலிருந்து குறிக்கும் பொருளுக்கு ஒரு கோடு இழுக்கட்டும்.

கிழமைப் பெயர்கள் கூடத் தடை என்றால் நம்புவீர்களா? சீனத்தில் திங்கள் என்பது வாரம்-ஒன்று, செவ்வாய் வாரம்-இரண்டு, ஜனவரி மாதம் ஒன்று. ‘வெட்னஸ்டே’யும் ‘ஃபெப்ருவரி’யும் அவர்களுக்கு எந்தப் பிடிமானமும் இல்லாத வெறும் எழுத்துக் கூட்டம்.

சீன மொழியில் பிள்ளைக்கு உதவியாக இருப்பது ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. சீனச் சொற்கள் துண்டு சேர்த்துக் கட்டப்பட்டவை. கணினி மின்-மூளை, ரயில் தீ-வண்டி, ஒட்டகச்சிவிங்கி நீள்-கழுத்து-மான். சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. அதே கண்ணை ஆங்கிலத்தின் மேல் திருப்பினால் போதும்: முன்னால் ‘அன்’ வந்தால் இல்லை, ‘ரீ’ வந்தால் மறுபடி, பின்னால் ‘லெஸ்’ வந்தால் அற்ற, ‘ஃபுல்’ வந்தால் நிறைந்த. ‘கேர்’ ஒன்றிலிருந்து ‘கேர்ஃபுல்’, ‘கேர்லெஸ்’, ‘கேர்ஃபுல்லி’ என்று ஒரு குடும்பமே வந்து நிற்கும்.

விடுபட்ட சொல் நிரப்பும் பத்தியை எப்படிச் செய்வது?

‘வான்ஷிங் தியன்கோங்’ என்று பெயர், பிள்ளைகள் மிகவும் பயப்படும் பகுதி. பத்து முதல் பதினைந்து இடம் காலியாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் நாலு விடை. முதல் வாக்கியத்தைப் பெரும்பாலும் முழுதாக விட்டுவைப்பார்கள், யார், எங்கே, எது பற்றி என்று அதில் இருக்கும். அதை இரண்டு முறை படிக்க வேண்டும். அப்புறம் ஒரு விடையும் குறிக்காமல் கடைசிவரை ஓட்டிப் படிக்க வேண்டும், ஏனென்றால் மூன்றாவது கட்டத்துக்கான துப்பு ஒன்பதாவது கட்டத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். தெரிந்ததை நிரப்பி, மீதிக்குத் திரும்பி வந்து, கடைசியில் வாய்க்குள் முணுமுணுத்தபடி முழுதும் படிக்க வேண்டும். ‘பட்’, ‘சோ’, ‘ஹவெவர்’ என்ற சின்னச் சொற்களில்தான் கதை திரும்புகிறது, அவற்றைப் பெட்டி கட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: சீனத்தில் ‘என்றாலும்’ வந்தால் ‘ஆனால்’ கூடவே வரும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ இருந்தால் ‘பட்’ வராது. கட்டாயம் நினைவூட்டுங்கள்.

வாசித்துப் புரிதல் பகுதியில் நாலு விடையும் சரி மாதிரியே தோன்றுகிறதே?

ஒரு சின்னப் பத்தியை வைத்தே காட்டுகிறேன், இது பயிற்சிக்காக நானே எழுதியது. ஒரு பெண் தன் பாட்டிக்குக் கைபேசியில் முகம் பார்த்துப் பேசக் கற்றுத்தருகிறாள். பாட்டி தவறான பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்துக்கொண்டே இருக்கிறார். பேத்தி பொறுமை இழந்து கைபேசியை வாங்கித் தானே அழைத்துக் கொடுக்கிறாள். அன்று இரவு சாப்பிடும்போது, சின்ன வயதில் குச்சி பிடித்துச் சாப்பிடப் பாட்டி எத்தனை நாள் சொல்லித்தந்தார் என்பது அவளுக்கு ஞாபகம் வருகிறது. மறுநாள் நாலு படிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டுகிறாள்.

கேள்வி: அவள் ஏன் எழுதி ஒட்டினாள்? ஏ, பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. பி, பாட்டி எழுதித் தரச் சொன்னார். சி, பாட்டி தானாகவே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. டி, பாட்டியிடம் புதுக் கைபேசி இருந்தது.

என் மேசையில் பாதிப் பேர் ஏ குறித்தார்கள். பெரிய எழுத்து என்றவுடன் அவரவர் பாட்டியின் கண் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நல்ல பிள்ளைகள், ஆனால் பத்தியில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: விடையைக் குறிக்கும் முன் பத்தியில் எந்த வரி அதைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். வரி காட்ட முடியாத விடை, வாழ்க்கையில் உண்மையாகவே இருந்தாலும், இங்கே தவறு. சி-க்கு நேரடி வரி இல்லையே என்று ஒரு பையன் கேட்டான், சரியான கேள்வி. குச்சி நினைவு, மறுநாள் எழுதியது என்று இரண்டு வரிகளைச் சேர்த்தால் அங்கே போய்ச் சேரலாம். ஊகக் கேள்விக்கு இரண்டு வரி, விவரக் கேள்விக்கு ஒரு வரி என்று பிள்ளைகளே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மையக் கருத்துக் கேள்வியில் வேறு மாதிரி ஏமாறுவார்கள். ஒரு விடை மிகச் சிறியதாக இருக்கும், ஒரே ஒரு வரியை மட்டும் சொல்லும். இன்னொன்று ரொம்பப் பெரியது, முதியோரும் தொழில்நுட்பமும் என்று ஊரையே வளைக்கும். சட்டை மாதிரி, உடம்புக்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும். பத்தியில் உள்ள சொற்களையே அப்படியே அள்ளிவைத்திருக்கும் விடையை இரண்டாம் முறை பாருங்கள், ‘ஆல்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ இருந்தால் மூன்றாம் முறையும்.

கேள்வியை முதலில் படிக்கலாமா, பத்தியையா?

அறிவிப்பு, அட்டவணை, விளம்பரம் என்றால் கேள்வி முதலில். கதை என்றால் பத்தி முதலில். கட்டுரை மாதிரி இருந்தால் கேள்விகளை மட்டும் ஒரு பார்வை, விடைகளைப் பார்க்காமல்.

பிள்ளை ஆங்கிலச் சொல்லுக்கு மேலே சீன எழுத்தில் உச்சரிப்பு எழுதுகிறது. விடலாமா?

‘தேங்க் யூ’வுக்கு மூன்று-கிராம்-எண்ணெய் என்று பொருள்படும் ‘சான் க யோ’ எழுதுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். நம் பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொள்வது போலத்தான். திட்டாதீர்கள், ஆனால் நீண்ட நாள் விடவும் வேண்டாம். பள்ளியில் 48 ஒலிக்குறிகள் சொல்லித்தருவார்கள், அவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஒதுக்கினால் சீன எழுத்து தானாக உதிர்ந்துவிடும். சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் சில எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒலி இருப்பதால் வரும் குழப்பமும் அதிலேயே குறையும்.

அகராதி பார்க்கலாமா?

பத்தியை முடித்த பிறகு, பார்க்கலாம். நடுவில் வேண்டாம். தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் தன் ஊகத்தைப் பென்சிலால் எழுதட்டும். முடித்தபின் அகராதியோடு ஒப்பிட்டால், ஊகம் சரியாக இருந்த சொல் மறக்கவே மறக்காது.

பாடப் புத்தகத்துக்கு வெளியே எவ்வளவு படிக்க வேண்டும்?

மூன்று வருடத்தில் சேர்த்து 1,50,000 சொல் அளவுக்கு வெளிவாசிப்பு என்பது பாடத்திட்ட வரையறையின் எதிர்பார்ப்பு. கேட்டால் மலைப்பாக இருக்கும். வாரத்துக்கு 1,250 சொல், அதாவது 250 சொல்லில் ஐந்து பத்தி, நாளுக்கு ஒன்று. பதினைந்து நிமிட வேலை. பயிற்சிக் கேள்வி எதுவும் இல்லாத, சும்மா படிக்கிற பத்தியாக இதில் பாதியாவது இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

சீனப் பண்பாடும் சீன அறிவியலாளர்களும் பத்திகளில் நிறைய வருகிறார்கள்: வசந்தத் திருவிழா, காகிதம் வெட்டும் கலை, கலப்பின நெல் தந்த யுவான் லோங்பிங், மலேரியா மருந்துக்காக 2015-இல் நோபல் பரிசு பெற்ற தூ யோயோ. பிள்ளைக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் தெரியாத சொல்லை ஊகிக்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு எச்சரிக்கை: 2024 இலையுதிர் காலத்திலிருந்து ஏழாம் வகுப்பில் தொடங்கிப் புதிய பாடப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன, அண்ணன் அக்கா வைத்திருந்த பழைய பயிற்சி நோட்டு பாடத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

நான் தமிழ்நாட்டிலிருந்து இணையம் வழியாக இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கிக் கற்றுத்தரலாமா?

கவனம். 2021 ஜூலையில் வந்த ‘ஷுவாங்ஜியென்’, இரட்டைக் குறைப்பு என்ற கொள்கை, கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் உள்ளிட்ட பாடங்களில் லாப நோக்கிலான தனிப்பயிற்சியை ஒடுக்கிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்துப் பாடம் நடத்துவதையும் அது தடுக்கிறது. சீனாவுக்குள் இருப்பவர்களும் தங்கள் வேலை அனுமதிக்கு வெளியே சம்பளம் வாங்கினால் சிக்கல். அதே கொள்கை எழுத்து வீட்டுப்பாடத்தை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 90 நிமிடத்துக்குள் வைக்கச் சொல்கிறது, அது நல்ல செய்தி. நிறுவனங்கள் கதவடைத்த பிறகு பெற்றோரின் கவலை அப்படியே இருக்கிறது, ஆனால் உதவ ஆள் குறைந்துவிட்டது.

தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

புதுப் பட்டியல் எதையும் தொடாதீர்கள். பிள்ளையிடம் ‘ட்ஸுவோதிபென்’, தவறுகளை எழுதிவைக்கும் நோட்டு, கண்டிப்பாக இருக்கும், ஆசிரியர்கள் விடமாட்டார்கள். அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கேள்வியும் சரியான விடையும் அழகாகச் சிவப்பு மையில் இருக்கும், ஏன் தவறினான் என்பது இருக்காது. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் நாலில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: சொல் தெரியாது, சொல் தெரியும் ஆனால் இந்தப் பொருள் தெரியாது, வாக்கியம் பிடிபடவில்லை, பத்தியில் இல்லாததை நானே நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத் தவறுகளை எண்ணினால் எந்த வகை அதிகம் என்று தெரிந்துவிடும், மீதி வாரங்களை அதற்கே கொடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது வகைதான் அதிகம் இருந்தது. கடைசி மாதம் தினமும் இரவு எட்டு மணிக்கு அந்தப் பின்பக்க நோட்டிலிருந்து ஐந்து வாக்கியம் நான் படிப்பேன், சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, அவள் நிரப்புவாள். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தூங்கப் போகச் சொல்லிவிடுவேன்.